ஒரு ஜெரிகேன் மண்ணெண்ணெயை எது கொண்டுபோவது? சியாச்சின் சாவடிகளுக்கு ஹெலிகாப்டரும் ட்ரோனும்

சியாச்சின் பனியாற்றுக்கு மேற்கே, சால்டோரோ மலைமுகட்டில், 6,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கும் ஒரு சாவடிக்கு சீட்டா ஹெலிகாப்டர் வந்துபோவதை 'தரையிறங்குதல்' என்று சொல்வதே சற்று மிகை. பனியைத் தட்டிச் சமன்செய்த, ஒரு வீட்டு முற்றத்தளவு மேடையில் அதன் சறுக்குக் கால்கள் படுகின்றன. என்ஜினை அணைப்பதில்லை, அந்த மெல்லிய காற்றில் அணைத்த என்ஜின் மறுபடி பிடிக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. சுழலி சுற்றிக்கொண்டிருக்கும்போதே குனிந்தபடி ஓடிவரும் சிப்பாய் கதவைத் திறந்து ஒரு ஜெரிகேனை இழுத்துக்கொண்டு விலக, விமானி முகட்டின் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் சரிந்து, வேகம் பிடித்துத் திரும்பிவிடுகிறார். 20 லிட்டர் ஜெரிகேன் ஒன்றில் இருக்கும் மண்ணெண்ணெயின் எடை ஏறக்குறைய 16 கிலோ. மிக உயரமான சில சாவடிகளுக்கு ஒரு நடையில் போகும் சரக்கே மொத்தம் 20, 25 கிலோதான். அதற்காக ஒரு ஹெலிகாப்டரும் அதை ஓட்டுபவர்களின் உயிரும் ஒவ்வொரு முறையும் அந்த மேடை வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாடு இனி நீடிக்க முடியாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சீட்டாவும் அதன் உடன்பிறப்பான சேத்தக்கும் முதுமையடைந்துவிட்டன. அவற்றுக்கு மாற்றாக ஏறத்தாழ 200 இலகு ரக ஹெலிகாப்டர்களை, ராணுவத்துக்கு 120, விமானப்படைக்கு 80 என்ற கணக்கில் வாங்குவதற்கான தகவல் கோரிக்கையை இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. அதே காலத்தில் மலைச் சாவடிகளுக்குச் சரக்குக் கொண்டுசெல்லும் ட்ரோன்களையும் ராணுவம் தனியே வாங்கிவருகிறது. இவ்விரண்டையும் இரண்டு வெவ்வேறு கோப்புகளாகப் பார்ப்பதைவிட, எந்த நடைக்கு எது போக வேண்டும் என்ற ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகப் பார்ப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹெலிகாப்டரா ஆளில்லா விமானமா என்ற விவாதம் உலகெங்கும் நடக்கிறதென்றாலும் அது பெரும்பாலும் தாக்குதல், வேவு ஆகிய பணிகளைப் பற்றியது. ஜப்பான் 2022 டிசம்பரில் தன் தாக்குதல் ஹெலிகாப்டர்களையும் வேவு ஹெலிகாப்டர்களையும் கைவிட்டு ட்ரோன்களுக்கு மாற முடிவெடுத்தது. அமெரிக்கத் தரைப்படை தன் புதிய வேவு ஹெலிகாப்டர் திட்டத்தை 2024 பிப்ரவரியில் ரத்துசெய்தது. இந்தியாவோ 2025 மார்ச்சில் 156 பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த முடிவுகளுக்கெல்லாம் காரணம் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளும் போர்க்களத்தின் போக்கும். சியாச்சினில் 2003 நவம்பர் முதல் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்கின்றன. அங்கே ஆளைக் கொல்வது உயரமும் குளிரும் பனிச்சரிவும். எனவே டோக்கியோவும் வாஷிங்டனும் எடுத்த முடிவுகளை இங்கே முன்மாதிரியாகக் காட்டுவதில் பொருளில்லை.

உயரம் ஒரு பறக்கும் பொறியை என்ன செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்த்தாக வேண்டும். முழு ஒப்பீடும் அதன்மேல்தான் நிற்கிறது. 6,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 54 விழுக்காடுதான். சுழலி காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது; தள்ளுவதற்குக் காற்று பாதியாகக் குறைந்தால், அதே எடையை அந்தரத்தில் நிறுத்திவைக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் ஆற்றல் வேண்டும். தேவை இப்படிக் கூடும் அதே வேளையில் என்ஜினின் வலு குறைகிறது, ஏனெனில் மூச்சுவிட அதற்கும் அதே காற்றுதான். இரண்டு பக்கமும் இப்படி நெருக்கும்போது சரக்குக்கென்று மிஞ்சும் எடை வேகமாகக் கரைகிறது. ஹெலிகாப்டரின் சொந்த எடை, விமானிகளின் எடை, திரும்பிவருவதற்கான எரிபொருள் ஆகிய மூன்றையும் குறைக்க முடியாது என்பதால், வெட்டு முழுவதும் சரக்கின் தலையில் விழுகிறது. கீழே சில நூறு கிலோ தூக்கும் பொறி மேலே ஒரு ஜெரிகேனோடு நிற்பது இதனால்தான்.

இந்தக் கணக்கை நன்கு புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்ட பொறிதான் சீட்டா. இந்தியப் படைகளின் தேவைக்கென்றே பிரான்சில் உருவாக்கப்பட்டு 1969 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த லாமா ஹெலிகாப்டரின் இந்தியத் தயாரிப்பு அது. 649 கிலோவாட் தரவல்ல ஆர்தூஸ்த் என்ஜினை வேண்டுமென்றே 410 கிலோவாட்டுக்குள் அடக்கிவைத்தார்கள். தாழ்வான இடத்தில் பயன்படுத்தாமல் வைத்த அந்தக் கையிருப்புதான் மேலே ஏற ஏறக் கைகொடுக்கிறது. 11 மீட்டர் விட்டமுள்ள சுழலிக்கு அடியில் 2 டன்னுக்கும் குறைவான உடல், அதுவும் பாதிக்குப் பாதி வெறும் குழாய்ச் சட்டம். 1972 ஜூன் 21ஆம் தேதி ழான் பூலே இந்த வகை ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் ஏறி உலக சாதனை படைத்தார். உச்சியில் என்ஜின் அணைந்துபோக, அங்கிருந்து தரை வரை சுழலியைக் காற்றால் மட்டுமே சுழலவிட்டு இறக்கினார். சியாச்சினைக் கைப்பற்ற இந்தியா எடுத்த மேகதூத் நடவடிக்கை 1984 ஏப்ரல் 13ஆம் தேதி தொடங்கியதிலிருந்து சியாச்சினின் உயிர்நாடி இதே பொறிதான்.

ஆனால் அதன் குறைகளும் அதே காலத்துக்கு உரியவை. தானாக நிலைநிறுத்தும் கருவி கிடையாது. மேகத்துக்குள் சிக்கினால் விமானிக்குத் திசை காட்ட நவீனத் திரைகள் கிடையாது. உதிரிபாகங்கள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிவருகிறது. 2022 அக்டோபரில் தவாங் அருகிலும், 2023 மார்ச்சில் அருணாசலத்தின் மண்டலா பகுதியிலும் சீட்டாக்கள் விழுந்தன. இரண்டாவது விபத்தில் விமானிகள் இருவருமே இறந்தனர். இந்த ஹெலிகாப்டர்களை நிறுத்தச் சொல்லி ராணுவ அதிகாரிகளின் மனைவியர் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள் என்பதை, வெறும் தொழில்நுட்ப ஒப்பீடு எழுதுகிறவர்களும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மாற்று ஹெலிகாப்டர்களில் முதலில் எண்ண வேண்டியது பெங்களூரின் ஹெச்ஏஎல் நிறுவனம் வடிவமைத்த இலகு பயன்பாட்டு ஹெலிகாப்டர், சுருக்கமாக எல்யூஹெச். 2016 செப்டம்பரில் முதலில் பறந்த இது 3,150 கிலோ உச்ச எடை கொண்டது. 'சக்தி' என்ற பெயருள்ள ஒற்றை என்ஜின், 6,500 மீட்டர் உச்ச வரம்பு. 2020இல் நடந்த சோதனைகளில் சியாச்சினின் மிக உயரமான மேடைகளான அமர், சோனம் இரண்டிலும் இறங்கிக் காட்டியது. நவீனத் திரைகள் உண்டு, எண்மக் கட்டுப்பாடுள்ள என்ஜின் உண்டு, மேலே சீட்டாவைவிடக் கூடுதலாகச் சுமக்கவும் வழி உண்டு. இருந்தும் 2021இல் ராணுவ வடிவத்துக்குத் தொடக்க அனுமதி கிடைத்த பிறகு படையில் சேர்ப்பது தள்ளிக்கொண்டே போனது. தானியங்கி விமானி அமைப்பு அதற்கு முதன்மையான தடையாக இருந்தது. பொறி நல்லது, கைக்கு வரவில்லை என்பதுதான் அதன் நிலை. ரஷ்யாவின் கேஏ-226டி ஹெலிகாப்டரை 200 எண்ணிக்கையில் வாங்க 2015இல் போட்ட உடன்பாடு, உள்நாட்டுப் பாகங்களின் அளவு பற்றிய இழுபறியிலேயே அடங்கிப்போயிற்று. அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

அதே ஹெச்ஏஎல் தயாரிக்கும் துருவ் ஹெலிகாப்டர் இன்னொரு வகை. இரட்டை என்ஜின் என்பதால் பனியாற்றின் மேல் பறப்பவருக்கு அது தரும் மன நிம்மதியை எந்த அட்டவணையிலும் எழுத முடியாது. நடுத்தர உயரங்களில் ஆட்களையும் சரக்கையும் சுமப்பதில் அது இலகு ரகங்களை எளிதில் மிஞ்சிவிடும். ஆனால் 5 டன்னுக்கு மேற்பட்ட பொறிக்கு முற்றத்தளவு மேடை போதாது. அதோடு 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஒன்று விழுந்து மூவர் இறந்தபின், ஏறத்தாழ 330 ஹெலிகாப்டர்கள் கொண்ட மொத்தக் கூட்டமும் தரையில் நிறுத்தப்பட்டது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் மறு அனுமதி கிடைக்கச் சுமார் 4 மாதங்கள் ஆயின. ஒரே வகையை நம்பி எல்லாச் சாவடிகளையும் வைத்திருந்தால், ஒரு பாகத்தின் விரிசல் முழு மலையையும் பட்டினி போட்டுவிடக்கூடும் என்பதை அந்த மாதங்கள் காட்டின. பனியால் துண்டிக்கப்படும் சில சாவடிகளுக்குத் தனியார் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுக்கும் முறையையும் ராணுவம் 2024 குளிர்காலத்தில் தொடங்கியது. தாழ்வான இடங்களுக்கு அது நல்ல யோசனை. சால்டோரோ உச்சிக்கு அது தீர்வாகாது.

இனி ட்ரோன் பக்கம் வருவோம். பேட்டரியில் ஓடும் மின்மோட்டாருக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு: அது மூச்சுவிடுவதில்லை. காற்று மெலிந்தாலும் மோட்டாரின் வலு குறையாது. ஆனால் சுழலிக்கு விதி ஒன்றுதான். அடர்த்தி 54 விழுக்காடாகும்போது, இறக்கையின் கோணத்தை மாற்ற முடியாத சாதாரண நாற்சுழலி ட்ரோன் அதே எடையைத் தாங்கத் தன் சுழற்சி வேகத்தை 36 விழுக்காடு கூட்ட வேண்டும்; பேட்டரி அந்த அளவுக்கு விரைவாகத் தீர்கிறது. பேட்டரியோ ஏற்கெனவே ஏழை. ஒரு கிலோ மண்ணெண்ணெயில் சுமார் 12 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. சிறிய டர்பைன் அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பயன்படுத்தினாலும் 2.4 கிடைக்கும். நல்ல லித்தியம் பேட்டரி ஒரு கிலோவுக்குத் தருவது அதில் பத்தில் ஒரு பங்குதான். கடும் குளிர் அதிலும் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதால், பேட்டரியைக் கூடாரத்துக்குள் கதகதப்பாக வைத்திருந்து பறக்கும் நேரத்தில் மாட்ட வேண்டும். உறைந்த பேட்டரியை மாட்டிய ட்ரோன் கிளம்பும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். பாதி வழியில்தான் தன் குணத்தைக் காட்டும்.

இவ்வளவு குறைகளோடும் அது என்ன செய்ய முடியும் என்பதற்கு எவரெஸ்ட்டில் சான்று கிடைத்தது. 2024 ஏப்ரலில் டிஜேஐ என்ற சீன நிறுவனத்தின் ஃப்ளைகார்ட் 30 என்ற ட்ரோன், சுமார் 5,300 மீட்டரில் உள்ள அடிவார முகாமிலிருந்து 6,000 மீட்டரில் உள்ள முதல் முகாமுக்கு ஒரு நடையில் 15 கிலோ கொண்டுபோனது. இடையில் இருப்பது கும்பு பனியருவி. ஷெர்பாக்கள் ஏணி வைத்துத் தாண்டி மணிக்கணக்கில் ஏறும் அந்த வழியை ட்ரோன் சில நிமிடங்களில் கடந்தது. அடுத்த ஆண்டு மலையேற்றப் பருவத்தில் ஏணிகளையும் கயிறுகளையும் மேலேற்றவும், குப்பையைக் கீழிறக்கவும் நேபாளத்தில் ட்ரோன்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த 15 கிலோவைத் தனியே பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஆனால் மேலே சொன்ன ஜெரிகேனைத் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டும். 3,000 மீட்டரில் ஹெலிகாப்டருக்கும் இத்தகைய ட்ரோனுக்கும் இடையில் போட்டியே இல்லை. ஒன்று சில நூறு கிலோ தூக்கும், மற்றது சில பத்து கிலோ. உயரம் கூடக்கூட ஹெலிகாப்டரின் சுமை சரிந்து, 6,000 மீட்டரில் ட்ரோனின் சுமைக்கு அருகிலேயே வந்து நிற்கிறது. ட்ரோன் முதலில் ஹெலிகாப்டரின் இடத்தைப் பிடிப்பது எளிதான, தாழ்வான சாவடிகளில்தான் என்று நினைப்பது இயல்பு. கணக்கோ, மிகக் கடினமான, மிக உயரமான கடைசிச் சாவடியில்தான் அதற்கு முதல் உரிமை இருக்கிறது என்று காட்டுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

ஆனால் அது கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். பனியாறு 70 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. முழுச் சுமையோடு 16 கிலோமீட்டர் போகும் ஒரு ட்ரோனால் அடிவார முகாமிலிருந்து வடக்குச் சாவடிகளுக்குப் போக முடியாது. சரக்கு முதலில் ஹெலிகாப்டரிலோ பனி ஸ்கூட்டரிலோ, ஏறத்தாழ 4,900 மீட்டரில் இருக்கும் குமார் தளம் போன்ற இடைத்தளங்களுக்கு வந்து சேர வேண்டும். அங்கிருந்து முகட்டுக்கு ஏறும் சில கிலோமீட்டர்கள்தான் ட்ரோனின் பங்கு. அந்தத் தூரத்தைத்தான் இன்று சிப்பாய்கள் கயிற்றில் ஒருவரோடு ஒருவர் பிணைந்து, முதுகில் சுமையோடு ஏறிக் கடக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ட்ரோனை ஹெலிகாப்டரோடு மட்டும் ஒப்பிடுவது அதனால் முழுமையாகாது.

இறங்கும் இடத்திலும் ட்ரோனுக்கு ஒரு வசதி உண்டு. அதற்கு மேடையே வேண்டாம்; கயிற்றில் கட்டிய சரக்கை அந்தரத்தில் நின்றபடி இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். பனியாறு நகர்ந்துகொண்டும் வெடித்துக்கொண்டும் இருப்பதால் மேடைகளை அடிக்கடி செப்பனிட வேண்டியிருக்கும் இடத்தில் இது சிறிய விஷயமல்ல. மறுபக்கம், காற்று. முகட்டில் பிற்பகலில் எழும் காற்றுக்கு அஞ்சித்தான் ஹெலிகாப்டர்களே காலையில் வேலையை முடித்துக்கொள்கின்றன. அவற்றைவிட இலேசான ட்ரோன் அந்தக் காற்றில் இன்னும் முன்னதாகவே தோற்கும். ஆனால் காற்று அடங்கிய இரவிலும் பறக்கலாம் என்பது அதற்குக் கிடைக்கும் ஈடு. வானொலித் தொடர்பை மலைமுகடுகள் மறைக்கும் என்பதால் இடையில் சமிக்ஞையை வாங்கி அனுப்பும் ஒரு நிலையமோ, முழுவதும் தானே வழிகண்டு போகும் திறனோ வேண்டும். செயற்கைக்கோள் சமிக்ஞைகளை எதிரி குழப்பினால் வழி தவறாதிருக்க, கேமராவைக் கொண்டு நிலத்தை அடையாளம் காணும் முறையும் தேவை. சந்தைப் பொருளும் ராணுவப் பொருளும் பிரியும் இடம் இதுதான்.

இந்தியாவுக்குள் இதற்குப் பொருத்தமான முயற்சியாக நான் பார்ப்பது சபல் 20. ஐஐடி கான்பூரில் முளைத்த எண்டூர்ஏர் நிறுவனம் 2024 நவம்பரில் ராணுவத்தின் கிழக்குக் கட்டளைக்கு ஒப்படைத்த மின் ஹெலிகாப்டர் அது. சினூக்கைப் போல முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய சுழலிகள். சுமை 20 கிலோ. இறக்கையின் கோணத்தை மாற்ற முடியும் என்பதே இதில் முக்கியம். காற்று மெலியும்போது சுழற்சியைக் கண்மூடித்தனமாகக் கூட்டாமல் கோணத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம், திடீர்க் காற்றுக்கும் விரைவாக எதிர்வினை காட்டலாம். நான்கு மோட்டாரும் நான்கு மரத்துண்டும் என்று நாற்சுழலியைக் கேலி செய்பவர்கள் உண்டு. அதன் எளிமையில் பழுதுபார்ப்பவருக்குக் கிடைக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் 6,000 மீட்டருக்கு எனது தேர்வு கோணம் மாற்றும் சுழலிதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: முழு அளவு ஹெலிகாப்டரையே விமானி இல்லாமல் பறக்கவிடுவது. அமெரிக்க மரைன் படை 2011 டிசம்பர் முதல் 2014 வரை ஆப்கானிஸ்தானில் இரண்டு கே-மேக்ஸ் ஹெலிகாப்டர்களை அப்படிப் பறக்கவிட்டு, 20 லட்சம் கிலோவுக்கும் மேல் சரக்கு நகர்த்தியது. 2013 ஜூனில் அவற்றில் ஒன்று, கீழே தொங்கிய சுமையின் ஊசலாட்டத்தை அடக்க முடியாமல் விழுந்தது. யாருக்கும் காயமில்லை, விமானி இல்லாததன் பயன் அந்த ஒரு விபத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்த ஹெலிகாப்டரின் தயாரிப்பையே 2023இல் நிறுத்திவிட்டார்கள். எல்யூஹெச் வடிவத்தைப் பிற்காலத்தில் இப்படி மாற்றலாம் என்பது கவர்ச்சியான எண்ணம். விமானியோடு பறப்பதற்கான தானியங்கி அமைப்புக்கே இவ்வளவு ஆண்டுகள் பிடித்திருக்கும்போது, அதை நம்பி இன்றைய கொள்முதலைத் தள்ளிவைக்க முடியாது.

ட்ரோன் தரப்பின் பலவீனம் பொறியில் இருப்பதைவிட அதன் பாகங்கள் வரும் வழியில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில், மொத்தம் சுமார் 230 கோடி ரூபாய் மதிப்புள்ள 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்கள், உள்ளே சீனப் பாகங்கள் இருந்ததால் ரத்தாயின. அவை லடாக்கில் சீன எல்லையை ஒட்டிப் பறக்க இருந்தவை. மோட்டார், கட்டுப்பாட்டுப் பலகை, பேட்டரிக் கலம் என்று எதைத் தொட்டாலும் மலிவானது அங்கிருந்துதான் வருகிறது என்பதால், வேறிடத்தில் வாங்கினால் விலை கூடும். ட்ரோன் மலிவு என்ற வாதத்தை எடைபோடும்போது இந்தக் கூடுதல் விலையையும், குளிரில் ஓராண்டுக்குள் தேய்ந்துபோகும் பேட்டரிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் ஹெலிகாப்டர் நடையைவிட அது மலிவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. விளம்பரத்தாளில் வரும் அளவுக்கு மலிவாக இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வேலை ஹெலிகாப்டருக்கு மட்டுமே உரியதாக மிஞ்சுகிறது. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சோனம் சாவடியின் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்து, 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள் என்பதால் அந்த வாரம் இங்கே பலருக்கும் நினைவிருக்கும். மீட்பவர்களையும் மோப்ப நாய்களையும் பனி அறுக்கும் கருவிகளையும் 6,000 மீட்டரை ஒட்டிய அந்த இடத்துக்கு ஏற்றியதும், ஆறாம் நாள் உயிரோடு கிடைத்த ஹனுமந்தப்பாவைக் கீழே கொண்டுவந்ததும் ஹெலிகாப்டர்களே. பிப்ரவரி 11 அன்று அவர் தில்லியில் இறந்தார். பேரிடர் இல்லாத நாளிலும், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்ட ஒரு சிப்பாய்க்கு மருந்தைவிட முதலில் வேண்டியது தாழ்வான உயரம். அவரைச் சில மணி நேரத்துக்குள் கீழே இறக்க 20 கிலோ தூக்கும் ட்ரோனால் ஆவதொன்றுமில்லை.

ஆகவே இலகு ஹெலிகாப்டர் வாங்கத்தான் வேண்டும், அதை உச்சிச் சாவடியிலிருந்து ஒரு நோயாளியை ஏற்றிவரும் திறனை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்யூஹெச் தன் அனுமதிகளை முடித்து வருமானால் முதலிடம் அதற்கே. துருவ் நடுத்தர உயரங்களோடு நிற்கட்டும். இடைத்தளத்திலிருந்து முகட்டுக்குப் போகும் மண்ணெண்ணெய், ரேஷன், தபால், மருந்து ஆகியவற்றைக் கோணம் மாற்றும் சுழலியுள்ள ட்ரோன்களிடம் ஒப்படைக்கலாம். ட்ரோன் வந்துவிட்டதே என்று 200 என்ற எண்ணிக்கையில் கை வைக்க நிதித்துறையில் யாராவது முன்வருவார்கள். நடைகள் குறைந்தாலும், நோயாளிக்காக எந்நேரமும் தயாராக நிற்க வேண்டிய ஹெலிகாப்டர்களின் எண்ணிக்கை குறையாது என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்த முற்றத்தளவு மேடையில் இறங்கும் கைப்பழக்கம், தினமும் ஜெரிகேன் கொண்டுபோய்த்தான் விமானிகளுக்கு வருகிறது. காற்று எந்த மூலையில் சுழிக்கும், எந்த நேரத்தில் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணைக் கூசும் என்பதெல்லாம் நூறு சாதாரண நடைகளில் கற்றவை. அந்த நடைகள் எல்லாவற்றையும் ட்ரோனுக்குக் கொடுத்துவிட்டால், நோயாளியை ஏற்றிவர அழைப்பு வரும் மோசமான நாளில், அந்த மேடையை மாதக்கணக்கில் பார்க்காத விமானி அங்கே முதன்முறையாக இறங்குவார். அதனால் ஒவ்வொரு உச்சிச் சாவடிக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு நடையாவது, ட்ரோன் கொண்டுபோயிருக்கக்கூடிய சரக்கோடுதான் என்றாலும், ஹெலிகாப்டரில் போக வேண்டும் என்று பணி விதியிலேயே சேர்த்துவிடலாம். ட்ரோன் வந்த பிறகு யாரும் கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய அந்த மேடையை, வாரந்தோறும் பனியைத் தட்டிச் சமன்செய்து வைத்திருப்பதற்கும் அப்போதுதான் ஒரு காரணம் இருக்கும்.